சிறிய மரவேலை ரவுட்டர்: மகிட்டாவா, டிவால்ட்டா?

ரவுட்டர் என்பது சுழலும் பிட்டால் (வெட்டும் அலகால்) மரத்தில் பள்ளமும் ஓரமும் வெட்டும் கருவி. சக்தியை மட்டும் பார்த்தால் டிவால்ட் டி26200 முந்துகிறது: 900 வாட். மகிட்டா ஆர்டி0700சி 710 வாட்தான். ஆனால் துணைக்கருவி என்று வந்தால் என் ஓட்டு மகிட்டாவுக்கே. பிட்டை மேலிருந்து மரத்துக்குள் இறக்க பிளஞ்ச் பேஸ் (பேஸ் என்றால் கருவியின் அடித்தளம்), சாய்வாக வெட்ட சாய்வு பேஸ், மூலை முடுக்குக்கு ஆஃப்செட் பேஸ் எல்லாம் உண்டு. அதன் 65 மி.மீ. மோட்டார் உடலுக்குப் பொருந்தும் சிஎன்சி (கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம்) பிடிகளும் ஏராளம். டிவால்ட்டுக்கும் பிளஞ்ச் பேஸ் கிடைக்கும். அதற்கு மேல் தெரிவு குறைவு.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் முதலில் காலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வி) அளவைக் கேளுங்கள், விலை அப்புறம். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டைப் போட்டால் சரியாகப் பிடிக்காது, ஓடும்போது நழுவும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் கடையை விட்டு நகர்வதே நல்லது. உதிரி காலெட், கார்பன் பிரஷ் (மோட்டாரில் தேய்ந்துபோகும் பாகம்) இருப்பு வைத்திருக்கும் கடைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.