பாத்திரத்தைப் பேசவைக்க எந்த வழி நல்லது?

தரம் 10, 11 பிள்ளைகளிடம் சிறுகதை கேட்டால் "முருகேசர் நல்லவர், ஆனால் முன்கோபக்காரர்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். முருகேசர் வாயைத் திறக்க முதலே நமக்கு அவரைப் பற்றிய தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. இதை மாற்ற இலங்கையின் வன்னியில் தமிழ் படிப்பிக்கிற நாங்கள் பொதுவாக மூன்று வழிகளைக் கையாளுகிறோம். மூன்றும் ஒரே பலனைத் தருவதில்லை.

முதலாவது, குறிப்புப் பட்டியல். பாத்திரத்தின் வயது, தொழில், குணம், விருப்பு வெறுப்பு எல்லாவற்றையும் எழுதிவிட்டு உரையாடலுக்குப் போவது. 40 நிமிடப் பாடவேளைக்குள் முடிந்துவிடும், பின்வாங்குகிற பிள்ளையும் எதையாவது எழுதும். ஆனால் பட்டியலில் உள்ளதெல்லாம் அப்படியே பேச்சுக்குள் வந்து விழும்: "நான் இரணைமடுக் குளத்தின் கீழ் இருபது வருடமாக வயல் செய்யும் விவசாயி அல்லவா?" கூத்தில் இது சரி. பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டில் தான் யாரென்று சொல்லிக்கொண்டு வந்தால்தான் வெளியில் தூரத்தில் இருக்கிற சனத்துக்கு விளங்கும். சிறுகதையில் வருகிறவர் தன்னை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

இரண்டாவது, கேட்டு எழுதுதல். சந்தை, ஏ9 பஸ், கோயில் வீதி என்று காதில் விழுவதைக் குறிப்புக் கொப்பியில் எழுதிவரச் சொல்வது. இதற்கு வன்னியைப்போல வளமான இடம் குறைவு. பழைய வன்னிக் கிராமங்களின் பேச்சு, குடியேற்றத் திட்டங்களில் வந்த யாழ்ப்பாணத்தாரின் பேச்சு, 1977 வன்செயலுக்குப் பிறகு வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களின் பேச்சு, முல்லைத்தீவுக் கரையோரப் பேச்சு எல்லாம் ஒரே வகுப்பில் இருக்கும். பிள்ளைகளின் காது திறப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஆனாலும் இதில் எனக்கு இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று, பேச்சுவழக்கைப் பாத்திரத்துக்கு வேஷமாகப் போடுவது. மலையகப் பேச்சு கூலிக்காரருக்கும் சிரிப்புக்கும் மட்டும் என்று ஒரு பிள்ளை எழுதும்போது, வீட்டில் அதே பேச்சைக் கதைக்கிற பிள்ளை பக்கத்து வாங்கில் இருக்கிறது. அந்த இடத்தில் ஆசிரியர் பேசாமல் இருக்கக்கூடாது. மற்றது, இங்கே பல வீடுகளில் காணாமல்போனவர்களின் கதை இருக்கிறது. அந்தத் தாய்மாரின் வார்த்தைகளைப் பயிற்சிக்கென்று பொறுக்கிவரப் பிள்ளைகளை அனுப்பக்கூடாது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

மூன்றாவது, ஒரே செய்தியைப் பல வாயால் சொல்லவைப்பது. என் தெரிவு இதுதான். கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கிவிட்டது, மாட்டுக்காரரிடம் சொல்லவேண்டும். இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இப்படி வரும்:

"தம்பி, உங்கட மாடு எங்கட வயலுக்கதான் நிக்குது. அவசரமில்லை, வந்து பாத்திட்டுப் போங்கோவன்."

"நேற்றும் வந்தது. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அண்ணே, மாடு மறுபடியும் வந்துருச்சுங்க. வீட்டுல புள்ளைங்க மட்டுந்தான் இருக்கு."

"மாமா, நான் கலைச்சனான். அது போகுதில்லை."

முதல் இரண்டு பேரும் ஒரே ஊர்ப் பேச்சுத்தான் கதைக்கிறார்கள், ஆனால் ஆட்கள் வேறு. முதலாமவர் மரியாதைக்குள் கோபத்தை ஒளிக்கிறார், இரண்டாமவர் கணக்கு வைத்திருக்கிறார். மூன்றாவதாகப் பேசுகிற பெண்ணுக்கு மாட்டைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. "என்று கோபமாகக் கூறினார்" என்று எங்கும் எழுத வேண்டி வரவில்லை. ஆளின் குரல் வட்டார வழக்கில் மட்டும் இல்லை, எதைச் சொல்லாமல் விடுகிறார், எதை முதலில் சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது என்று பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும்.

பேசுகிறவரின் பெயரை மறைத்துவிட்டு யார் என்று வகுப்பைக் கேட்கலாம். சங்க அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தோழி கூற்று என்று படிக்கிற பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரே இல்லாமல் பேச்சை வைத்தே ஆளை அடையாளம் காண்பது நம்முடைய பழைய பழக்கம்.

இந்த வழியிலும் குறை உண்டு. நாலு வரிக்கு மேல் நீளாது, எதிரில் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் அடுத்த வகுப்பில் மாட்டுக்காரரைக் கொண்டுவந்து இரண்டு பிள்ளைகளைப் பேசவிட்டால், கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லாத பேச்சு அங்கேதான் பிறக்கும். "வேலி அடைக்கச் சொன்னனானெல்லோ?" என்றால், "அம்மாவுக்கு இப்ப எப்பிடி?" என்று மாட்டுக்காரர் கதையை மாற்றுவார். அந்த நழுவலில் அவர் முழுசாகத் தெரிவார்.

பேச்சுத்தமிழ் எழுதினால் புள்ளி போய்விடும் என்ற பயம் பிள்ளைகளிடம் இருக்கிறது. 1960களில் மரபுப் போராட்டம் என்ற பெயரில் இந்த நாட்டில் பெரிதாக நடந்த விவாதத்திலும், இலக்கியத்தில் பேச்சுத்தமிழ் வரலாமா என்ற இதே கேள்வி இருந்தது. கதைசொல்லியின் வரிகள் எழுத்துத்தமிழில், மேற்கோள் குறிக்குள் இருப்பது பாத்திரத்தின் தமிழில் என்று எல்லையைக் காட்டிக்கொடுத்தால் போதும். தரம் 11இல் நேரம் இல்லாவிட்டால் நான் விடுவது பட்டியலைத்தான். கேட்டு எழுதுவதை விடுமுறைக்குக் கொடுக்கலாம், மாட்டுப் பயிற்சியைத் தவணையின் முதல் கிழமையிலேயே செய்துவிட வேண்டும்.