டாட் ஸ்லோனா, ஜிம்மி விங்க்ஃபீல்டா?

1900-ஐ ஒட்டிய அமெரிக்கக் குதிரைப் பந்தய ஜாக்கிகளில் யார் பெரியவர் என்று கேட்டால், முதலில் காதில் விழும் பெயர் டாட் ஸ்லோன். குதிரைமேல் உட்காரும் விதத்தையே மாற்றியவர் என்பார்கள். என் ஓட்டு ஜிம்மி விங்க்ஃபீல்டுக்கு. ஆனாலும் ஸ்லோன் கணக்கை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

அன்றைய இங்கிலாந்து ஜாக்கிகள் நீளமான அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) காலைத் தொங்கவிட்டு, நாற்காலியில் அமர்ந்த மாதிரி நிமிர்ந்து ஓட்டினார்கள். இண்டியானாக்காரரான ஸ்லோன் அங்கவடியைச் சுருக்கி, முழங்காலை மடக்கி, குதிரையின் பிடரிமேல் கவிழ்ந்துகொண்டார். குச்சியில் ஏறிய குரங்கு என்று கேலி செய்தார்கள். 1898-ல் நியூமார்க்கெட்டில் அவர் அடுத்தடுத்து ஐந்து பந்தயங்களை ஜெயித்ததும் சிரிப்பு நின்றது. 1900-ல் மெர்மன் என்ற குதிரையில் இங்கிலாந்தின் பெரிய பந்தயங்களில் ஒன்றான அஸ்காட் கோல்ட் கப்பும் வந்தது.

இதில் வித்தை என்ன? நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவனையும் சேர்த்துத்தான் குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் உந்தித் தள்ள வேண்டும். குந்தி நிற்பவன் அந்தக் குலுக்கலைத் தன் முழங்காலிலேயே வாங்கிக்கொள்கிறான். அந்தக் காலகட்டத்தில் பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்ததை லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2009-ல் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் முழுப் புகழையும் ஸ்லோனுக்கே கொடுப்பதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 1895-லேயே வில்லி சிம்ஸ் என்ற கறுப்பின ஜாக்கி குட்டை அங்கவடியோடு இங்கிலாந்து போய் ஜெயித்திருந்தார். அவரை ஒரு வேடிக்கையாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

விங்க்ஃபீல்ட் கென்டக்கியில் பிறந்த கறுப்பினத்தவர். முதல் பந்தயத்திலேயே முரட்டுத்தனமாகக் குறுக்கே புகுந்து மற்றக் குதிரைகளை இடித்து, ஒரு வருஷத் தடை வாங்கினார். அப்புறம் 1901-ல் ஹிஸ் எமினன்ஸ் என்ற குதிரையில் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை ஜெயித்தார்.

அடுத்த வருஷ டெர்பிதான் எனக்குப் பிடித்தது. ஒரே முதலாளிக்கு இரண்டு குதிரைகள்: ஆலன்-அ-டேல், தி ரைவல். எதில் ஏறுவது என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை வெள்ளைக்கார ஜாக்கி நாஷ் டர்னருக்கு. இரண்டையும் பயிற்சியில் ஓட்டிய விங்க்ஃபீல்டுக்கு ஆலன்-அ-டேல்தான் வேகம் என்று தெரியும். காலையில் ஓட்டும்போது அதைக் கொஞ்சம் இழுத்தே பிடித்தார். டர்னர் ஏமாந்து ரைவலை எடுத்துக்கொண்டார். பந்தயத்தில் மொத்தம் நாலே குதிரைகள். கடைசி நேரத்தில் ஆலன்-அ-டேல் நொண்ட ஆரம்பித்தது. உள்பக்கம் தரை கெட்டி, வெளிப்பக்கம் ஆழமான மணல். பின்னால் வந்தவர்களை அந்த மணலுக்குள் ஒதுக்கிவிட்டு, நொண்டிக் குதிரையிலேயே மூக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். உட்காரும் விதம் மட்டும் இந்த வெற்றியைத் தந்திருக்காது.

வேகத்தில் ஸ்லோனின் உச்சத்தை இவர் தொட்டாரா என்றால், சந்தேகம்தான். 1898-ல் ஸ்லோன் ஏறிய பந்தயங்களில் 46 சதவீதம் வெற்றி. அதெல்லாம் மனிதக் கணக்கே இல்லை. ஆனால் அந்த உச்சம் எத்தனை நாள்? ஜாக்கிகள் பந்தயம் கட்டக்கூடாது என்று விதி. ஸ்லோன் கட்டினார். 1901-க்கு லைசென்ஸ் கேட்டு வர வேண்டாம் என்று பந்தயங்களை நிர்வகித்த இங்கிலாந்து ஜாக்கி கிளப் சொல்லிவிட்டது. அமெரிக்காவிலும் அதே கதவடைப்பு. முப்பது வயதுக்குள் எல்லாம் முடிந்தது. பாரிஸில் மதுக்கடை வைத்துப் பார்த்தார். குடித்துக் கல்லீரல் கெட்டு 1933-ல் இறந்தார். லண்டன் கொச்சையில் தனியாக இருப்பதற்கு இன்றும் ‘ஆன் யுவர் டாட்’ என்று அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

விங்க்ஃபீல்டையும் தள்ளினார்கள், வேறு வகையில். வாக்குக் கொடுத்த ஒரு பெரிய முதலாளியை விட்டு, அதிகப் பணம் தந்தவர் குதிரையில் ஏறியது அவர் தப்புதான். அதற்குமேல், கறுப்பின ஜாக்கிகளை வேலியோடு நெருக்கி அடிக்கும் வெள்ளை ஜாக்கிகள். 1875-ல் முதல் கென்டக்கி டெர்பியில் ஓட்டிய 15 பேரில் 13 பேர் கறுப்பினத்தவர். 1902-க்குப் பிறகு இதுவரை கறுப்பின ஜாக்கி ஒருவர்கூட அதை ஜெயிக்கவில்லை. 1904-ல் விங்க்ஃபீல்ட் ரஷ்யாவுக்குக் கிளம்பி, அங்கும் டெர்பி ஜெயித்தார். புரட்சி வந்து, 1919-ல் ஒடெஸாவிலிருந்து 200-க்கும் மேற்பட்ட குதிரைகளை ஓட்டிக்கொண்டு வார்சாவுக்குப் போன கூட்டத்தில் அவரும் இருந்தார். வழியில் பசிக்குச் சில குதிரைகளையே தின்றார்கள். அதற்குப் பிறகும் பிரான்சில் 1930 வரை ஓட்டினார். மொத்த வெற்றி 2,500-க்கு மேல். முதுமையிலும் பாரிஸ் அருகே மெசோன்-லாஃபிட்டில் குதிரைகளைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

1961-ல் கென்டக்கி டெர்பி நேரத்து விருந்து ஒன்றுக்கு, அது நடக்கும் லூயிவில் நகருக்கு அவரை அழைத்தார்கள். முன்வாசல் வழியாக விட முடியாது என்று ஹோட்டலில் தடுத்தார்கள். அமெரிக்கப் பந்தயத்தின் புகழ் மன்றத்தில் ஸ்லோனுக்கு இடம் 1955-ல் கிடைத்தது. விங்க்ஃபீல்டுக்கு 2004-ல்; அவர் இறந்து 30 வருஷம் கழித்து.