கர்ப்பம் முதல் பாலூட்டும் காலம் வரை: ஊட்டச்சத்து வவுச்சருடன் என் அனுபவம்

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கடையில் கொடுத்துச் சத்தான உணவு வாங்கிக்கொள்ளத் தரும் சீட்டுதான் ஊட்டச்சத்து வவுச்சர். கர்ப்பம் உறுதியானதிலிருந்து குழந்தை தவழத் தொடங்கிய பிறகும் இதைப் பயன்படுத்தி வந்தேன். திட்டம் அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வேறு செலவுக்குப் போயிருக்கும். பால், முட்டை, பருப்பு, காய், பழம் மட்டுமே வாங்க முடியும் என்பதால் மாதக் கடைசியிலும் அவை வீட்டில் இருந்தன.

வீட்டில் இருந்தால் மட்டும் போதாது, தாய் வயிற்றுக்குப் போக வேண்டும். முட்டை வந்தால் எல்லாருக்கும்தான் பங்கு. பிள்ளைகளைப் பார்க்கவைத்துத் தனியாகச் சாப்பிட யாருக்கு மனசு வரும்? ஒருத்திக்கு மட்டும் கணக்குப் போட்டுத் தரும் அளவு இங்கேதான் பற்றாமல் போகிறது. திட்டத்தை மதிப்பிட வருபவர்கள் எத்தனை வவுச்சர் செலவானது என்று குறித்துக்கொண்டு போகிறார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டாமா? ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அளவுகோல் அதைத்தான் கேட்கிறது: 15 முதல் 49 வயதுப் பெண்களில் எத்தனை பேர், முந்தைய ஒரு நாளில், 10 உணவு வகைகளில் 5 வகையாவது சாப்பிட்டார்கள்?

காகித வவுச்சரை ஒரே தடவையில் முழுத் தொகைக்கும் மாற்ற வேண்டியிருந்தது. கீரையையும் பழத்தையும் மொத்தமாக வாங்கினால் அழுகிவிடும், அதனால் கெடாத சாமானாகவே எடுத்தேன். காகிதத்துக்குப் பதிலாகத் தொகை ஏற்றிய அட்டை வந்தபின் வாரா வாரம் கொஞ்சமாக வாங்க முடிந்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துணவு வாங்க உதவும் பிரிட்டனின் ஹெல்தி ஸ்டார்ட் திட்டமும் 2022-இல் காகிதத்தை விட்டு அட்டைக்கு மாறியது.

பரிசோதனைக்குப் போகும் இடத்திலேயே வவுச்சர் கொடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அதை வாங்கப் போகும்போது எடை, இரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். வவுச்சர் உணவு மாத்திரைக்கு மாற்று இல்லை. கர்ப்பிணிக்குத் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாத்திரையோடு டீ குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது என்பதையும் அங்கேதான் சொன்னார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது பிரசவத்துக்குப் பிறகுதான். பாலூட்டும் தாய்க்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். கர்ப்ப காலத் தேவையைவிட இது குறைந்ததல்ல. அந்த நேரத்தில் வவுச்சர் திட்டத்தில் என் பதிவு காலாவதியாகி, பிறப்புச் சான்றிதழோடு நேரில் வந்து புதுப்பிக்கச் சொன்னார்கள். தையல் ஆறவில்லை, இரவில் தூக்கமில்லை, கையில் பச்சைக்குழந்தை. புதுப்பிக்கும்வரை வவுச்சர் நின்றுபோனது. அமெரிக்காவின் தாய்-சேய் ஊட்டச்சத்துத் திட்டமான விக்கில் (WIC) பாலூட்டும் தாய்க்குக் குழந்தையின் ஒரு வயதுவரை உதவி உண்டு, பாலூட்டாதவருக்கு 6 மாதம். காலத்தை இப்படி நீட்டுவதோடு புதுப்பித்தலையும் எளிதாக்க வேண்டும். மருத்துவமனையில் குழந்தையின் பிறப்பைப் பதியும்போதே, தாய் வீடு திரும்புமுன், வவுச்சரையும் நீட்டித்துவிடலாம். முதல் சில வாரங்களுக்கு அவள் சார்பில் வேறொருவர் போய் வாங்கவும் அனுமதிக்க வேண்டும்.