மயாமியிலிருந்து கிழக்கா, மேற்கா?

மயாமியில் கப்பலேறும் தம்பதிகள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: ஏழு இரவுப் பயணம் கிழக்குக் கரீபியனுக்கா, மேற்குக்கா? கப்பல் ஒன்றாகவே இருக்கலாம். 2024இல் ஓடத் தொடங்கிய, 20 தளங்கள் கொண்ட ஐகான் ஆஃப் தி சீஸ் இரண்டு பக்கமும் போகிறது.

மேற்கில் ஊர் சுற்ற நிறைய உண்டு. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் பவளப் பாறைகள். முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே மீன்கள் தெரியும். துலூமில் பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்க்க ஆசையா? தீவிலிருந்து மறுகரைக்குப் படகு, அப்புறம் பஸ். அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். கிராண்ட் கேமன் தீவில் பெரிய கப்பல் கரையை ஒட்டாது. சற்றுத் தள்ளிக் கடலில் நிற்கும், சிறு படகில்தான் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும்.

கிழக்கில் கடலிலேயே கழியும் நாட்கள் பொதுவாகக் கூடுதல். அட்லாண்டிக் பக்கம் என்பதால் கப்பலின் ஆட்டமும் சற்று அதிகம். செயின்ட் தாமஸ் தீவில் வரியில்லாக் கடைகள், அவ்வளவுதான். செயின்ட் மார்ட்டின் வேறு ரகம்: பாதித் தீவு பிரான்ஸ், மீதி நெதர்லாந்து. அங்கே மாஹோ கடற்கரையில் விமானம் தலையை உரசுவதுபோல் இறங்கும். விமான நிலைய வேலி ஓரம் மட்டும் நிற்காதீர்கள்; 2017இல் ஜெட் விமானத்தின் எஞ்சின் காற்று தள்ளி ஒரு பெண் இறந்தார்.

பால்கனியில் காபியோடு இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்குமென்றால் கிழக்கு. எனக்கு அரை நாளில் சலித்துவிடும். என் ஓட்டு மேற்குக்கு.