கஞ்சி பொங்குற வீட்டில் பித்தளை பர்னர்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் குளச்சலில் இருந்து மைனி போன் பண்ணினார். “மக்ளே, பர்னரைத் தேச்சுத் தேச்சுக் கை கடுக்குது. உனக்க அடுப்பு மட்டும் எப்பிடி பளபளன்னு கெடக்கு?” அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

எங்களுடையது இரண்டு பர்னர் கண்ணாடி அடுப்பு. தினமும் சம்பா அரிசி வடிப்போம், வாரத்தில் நாலு நாளாவது தேங்காயெண்ணெயில் சாளை மீன் பொரிப்போம். அதனால் பர்னரில் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு, காய்ந்த கஞ்சியும் உண்டு.

முதல் வருடம் ஆப்பச்சோடாவைக் கொட்டி அதன்மேல் வினிகர் ஊற்றினேன். நுரை பொங்குவதைப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பிசுக்கு அசையாது. சோடாவின் காரமும் வினிகரின் புளிப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, நுரை வெறும் கரியமில வாயு. எலுமிச்சை பிழிந்தாலும் இதே கதைதான். இரண்டையும் தனித்தனியாகப் போட்டால்தான் வேலை நடக்கும்.

ராத்திரி சமையல் முடிந்து, ரெகுலேட்டரை மூடி, பர்னர் நன்றாக ஆறியபின் கழற்றுவேன். கொதிக்கிற வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, பர்னரை அரை மணி நேரம் முக்கி வைத்தால் பிசுக்கு இளகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷே போதும், கம்பி நார் வேண்டாம். பிறகு மீன் கறிக்குக் கரைத்த புளியின் சக்கை. விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் அந்த விரல் போன தடத்தில் மட்டும் மஞ்சள் தெரியும். ஆறு வருடமாகியும் அந்த முதல் கோடு எனக்குச் சலிக்கவில்லை. ஒருமுறை புளியோடு ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன், காலையில் பித்தளை செம்புபோல் சிவந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஓட்டைகளை ஊசியால் குத்தி, கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தீ மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கரிபிடிக்கும். கீழே கேஸ் வெளிவரும் சின்னத் துளையான ஜெட்டில் மட்டும் ஊசி போடாதீர்கள். ஓட்டை பெரிதானால் கேஸ் கூடுதலாக வரும்.

பர்னரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் அதன் அடியில் இருக்கும் குழாயின் மேல். சோறு பொங்கினால் கஞ்சி நேராக அதற்குள்தான் இறங்குகிறது. வீட்டில் கழற்றவே முடியாது. இந்த மாதம் அதில் அடைத்துத் தீ அணைந்து அணைந்து எரிந்தது. சரிசெய்ய வந்தவர் குழாயைச் சுத்தம் செய்ததோடு, சொல்லாமல் சின்ன பர்னரையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். கையில் எடுத்ததுமே கனம் இல்லை. வழக்கம்போல் சோடா வெந்நீரில் போட்டேன், கருத்துப்போய் வெளியே வந்தது. அலுமினியம்! அலுமினியத்துக்குச் சோடாவின் காரம் ஆகாது. என் பித்தளை பர்னரைத் திருப்பித் தரவும் இல்லை. பொருளுக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஆறு வருடத்தில் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, பெரிய பர்னர் இன்றைக்கும் நீலமாகத்தான் எரிகிறது. ஆனாலும் “இதே அடுப்பை வாங்கட்டா?” என்று மைனி கேட்டபோது, “வேண்டாம் மைனி, கடையிலே கவுத்துப் போட்டு, அடிக்குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க. கழண்டா மட்டும் வாங்குங்க” என்றுதான் சொன்னேன்.