ஏசிக்குத் தனி லைன்: நாமே இழுப்பதா, லைசென்ஸ் காண்ட்ராக்டரா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடி அறைக்கு ஏசி வாங்கியபோது, லைனை நாமே இழுத்துவிடலாம் என்றான் தம்பி. நான் காண்ட்ராக்டரிடம் கொடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

நாமே செய்தால் கூலி மிச்சம். ஒயர், எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் தானே அணையும் ஸ்விட்ச்) எல்லாம் பாரிமுனையிலேயே கிடைக்கும். பல்பு, ஃபேன், ஸ்விட்ச், ஃபியூஸ் மாற்ற யாரையும் தேட வேண்டாம், விதியே அனுமதிக்கிறது. புது லைன் இழுப்பது அப்படியல்ல. உரிமம் பெற்ற காண்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி.

என்னை முடிவெடுக்க வைத்தது வீட்டுக் காப்பீடு. 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடக்கம். ஆனால் ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய ஏசிக்கு அதில் பணம் கிடையாது. அங்கிருந்து தீ பரவி பீரோ, கட்டில், கட்டடம் சேதமானால் அவற்றுக்கு உண்டு. அப்படியானால் தீ எங்கே, எப்படிப் பிடித்தது என்பதைத்தான் சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் துருவித் துருவிக் கேட்பார். வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பது நம் கடமை என்று பாலிசியும் சொல்கிறது. காண்ட்ராக்டரின் பில்லும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் இருந்தால் எடுத்துக் காட்டலாம். நாமே இழுத்த லைனுக்கு எதைக் காட்டுவது? நான் இதுவரை கிளெய்ம் போட்டதில்லை, அதனால் கட்டாயம் மறுத்துவிடுவார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வாயடைத்து நிற்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

வேலையின் தரமும் சேர்ந்தே வருகிறது. இருக்கிற 1.5 சதுர மி.மீ. லைனிலேயே ஏசியைக் கொடுத்து, 32 ஆம்பியர் எம்சிபி போடலாம் என்பது தம்பியின் இன்னொரு யோசனை. எம்சிபி காப்பது ஒயரை. ஒயர் சின்னது, எம்சிபி பெரியது என்றால், டிரிப் ஆகாமலே சுவருக்குள் ஒயர் சூடேறிக்கொண்டிருக்கும். வந்தவர் 4 சதுர மி.மீ. ஒயரில் தனி லைன் இழுத்தார், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டினார். கையோடு பழைய லைன்களையும், ஒயர் உறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று சோதிக்கும் மெகர் கருவி வைத்துப் பார்த்தார். மழைநீர் இறங்கும் சுவரில் போன லைனில் அளவு ஒரு மெகா ஓமுக்கும் கீழே, அதாவது உறை கெட்டிருக்கிறது. பார்வைக்கு அந்த ஒயரில் ஒரு குறையும் இல்லை! அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஆளை அமர்த்துமுன் லைசென்ஸ் நகலைக் கேட்டு, காலாவதி தேதியைப் பாருங்கள். பில்லில் லைசென்ஸ் எண், ஒயர் அளவு, மெகர் அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். பாலிசியோடு அதையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் பீரோவிலிருந்த காகிதமெல்லாம் ஊறிப்போன வீடுகள் நம் பக்கம் நிறைய.