எண்ட் கவர் டிராயிங்கில் டாலரன்ஸ்: ±, எச்7, பொசிஷன் – எதை எங்கே போடுவது?

ஒரு பம்ப் மோட்டாரின் எண்ட் கவரை எடுத்துக்கொள்வோம். நடுவில் 6205 பேரிங் உட்காரும் 52 மி.மீ. குழி. 115 மி.மீ. பிசிடியில் (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) நான்கு 6.6 மி.மீ. துளைகள், அவற்றின் வழியாக எம்6 போல்ட் போய், மோட்டார் பாடியில் டேப் அடித்த துளைகளில் இறங்கும். பாடிக்குள் நுழைய ஒரு ஸ்பிகாட், அதாவது துருத்தி நிற்கும் வட்ட விளிம்பு. மீதியெல்லாம் வார்ப்பு மேற்பரப்பும் சில ரிப்களும்தான்.

இதில் டாலரன்ஸ், அதாவது ஒரு அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற எல்லையைச் சொல்ல நான்கு வழிகள் உண்டு: டைட்டில் பிளாக்கில் ஒரு பொதுக் குறிப்பு, அளவுக்குப் பக்கத்தில் பிளஸ்-மைனஸ் எண், எச்7 மாதிரி ஃபிட் குறியீடு (இரண்டு பாகங்கள் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பது), கட்டம் கட்டிப் போடும் ஜிடி அண்ட் டி (வடிவத்தையும் இடத்தையும் கட்டுப்படுத்தும் குறிகள்). கேட் மென்பொருளில் நான்குமே இரண்டு மூன்று கிளிக்கில் வந்துவிடும். அதனாலேயே பலர் கைக்குப் பழகிய ஒன்றை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ± ஆகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், இந்த எண்ட் கவரில் ±-க்கு வேலை மிகக் குறைவு.

பேரிங் குழி: எண்ணா, குறியீடா?

52 எச்7 என்றால் 52.000 முதல் 52.030 வரை. ‘52 +0.030 / 0’ என்று எழுதினாலும் அதே எல்லைதான். அப்புறம் குறியீடு எதற்கு?

அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதைக் குறியீடு சொல்லிவிடும். சாதாரண வகுப்பு 6205 பேரிங்கின் வெளிவிட்டம் 51.987-க்கும் 52.000-க்கும் இடையில் இருக்கும். எச்7 குழியில் அதற்கு 0 முதல் 43 மைக்ரான் வரை இடைவெளி கிடைக்கும். ஷாஃப்ட் பக்கம் 25 கே6 போட்டால் 25.002 முதல் 25.015 வரை, பேரிங்கின் உள்விட்டம் 24.990 முதல் 25.000 வரை. ஆக 2 முதல் 25 மைக்ரான் வரை இறுக்கம். சுற்றுவது ஷாஃப்ட் என்பதால் உள்வளையம் இறுகித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்ட் மேலேயே மெல்ல நழுவித் தேய்த்துவிடும். வெளிவளையம் கொஞ்சம் லூஸாக இருக்கலாம். சூட்டில் ஷாஃப்ட் நீளும்போது இரண்டு பேரிங்கில் ஒன்று நகர வழி வேண்டுமே. எச்7, கே6 என்று பார்த்ததுமே பேரிங் ஃபிட் தெரிந்தவருக்கு இந்தக் கதை முழுவதும் புரிந்துவிடும். வெறும் +0.030-ஐப் பார்த்தால் ‘0.05 ஆக்கிக்கலாமா சார்?’ என்று போன் வரும்.

குறியீட்டின் குறை என்னவென்றால், லேத்தில் நிற்பவர் ஐஎஸ்ஓ 286 அட்டவணையைத் தேட வேண்டும். 52 எச்7 பிளக் கேஜ் கையில் இருந்தால் எண்ணே வேண்டாம். போர் கேஜில் அளப்பவருக்கு எண் வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் சரி. சாலிட்வொர்க்ஸில் ‘ஃபிட் வித் டாலரன்ஸ்’ என்ற வகையைத் தேர்ந்தால் எச்7 பக்கத்தில் எண்களைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஆட்டோகேடில் எண்ணை நாமேதான் தட்ட வேண்டும், அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. டீவியேஷன் முறையில் கீழ் எல்லைக்கு மைனஸ் குறியை மென்பொருளே போட்டுவிடும். கே6-க்கு இரண்டு எல்லையும் பிளஸ். நீங்கள் 0.002 என்று தட்டினால் டிராயிங்கில் -0.002 வரும், ஷாஃப்ட் 24.998 வரை போகலாம் என்று அர்த்தமாகி இறுக்கம் போய்விடும். -0.002 என்று தட்டினால்தான் +0.002 வரும். டாலரன்ஸுக்கான தசம இடங்களும் அளவின் தசம இடங்களிலிருந்து தனி அமைப்பு. அது இரண்டு இடத்தில் நின்றால் 0.002 என்பது 0.00 ஆகத்தான் அச்சாகும்.

எண்ணோ குறியீடோ, இரண்டுமே குழியின் அளவை மட்டும்தான் பிடிக்கின்றன. குழி ஸ்பிகாட்டோடு ஒரே மையத்தில் இருக்கிறதா என்பதை அவை சொல்லவே இல்லை. 52.012 என்று அருமையாக வந்த குழி 0.2 மி.மீ. மையம் விலகி இருந்தாலும் டிராயிங்படி அது ஓகே. ஸ்பிகாட்டை டேட்டமாக (அளப்பதற்கான ஆதாரமாக) வைத்து ரன்அவுட் (சுற்றும்போது தெரியும் ஆட்டம்) மாதிரி ஒரு கட்டம் போட்டால் ஒழிய இதைத் தடுக்க முடியாது.

நான்கு துளைகள்: ±-ஐ விட்டுவிட வேண்டிய இடம்

முதலில் ஒன்றுமே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பிசிடி 115, கோணம் 90°, டைட்டில் பிளாக்கில் ஐஎஸ்ஓ 2768-எம் என்ற பொதுக் குறிப்பு. இதன்படி 115-க்கு ±0.3, ஆரத்தில் ±0.15. கோணத்துக்கு, பக்க நீளம் 50-க்கு மேல் 120 வரை என்றால் ±20 நிமிடம். 57.5 ஆரத்தில் அது ஏறக்குறைய ±0.33 மி.மீ. நகர்வு.

இப்போது அசெம்பிளிக்கு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். துளை 6.6, போல்ட் 6, இடைவெளி 0.6. எதிர்ப்பக்கம் டேப் அடித்த துளை என்பதால் போல்ட் நகராது, அந்த 0.6-ஐ கவரும் பாடியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0.3 விட்டமுள்ள வட்டம், அதாவது மையத்திலிருந்து எந்தத் திசையிலும் 0.15. பொதுக் குறிப்பு அனுமதிப்பதோ கோணத்தில் மட்டுமே 0.33. டாலரன்ஸ் எழுதாமல் விட்ட 90° இப்படித்தான் அசெம்பிளியில் போய் நிற்கும், ரவுண்ட் ஃபைலோடு ஒருவர் துளையை ஓவலாக்கிக்கொண்டிருப்பார்.

சரி, எக்ஸ், ஒய் திசைகளில் ± போடலாமா? ±0.15 போட்டால் சதுரத்தின் மூலையில் விலகல் 0.212 ஆகிவிடும், போல்ட் இறங்காது. மூலையையும் 0.15-க்குள் அடக்க ±0.106-க்கு இறங்க வேண்டும், டிராயிங்கில் ±0.1 என்று போடுவோம். அப்போது வட்டத்துக்குள் சதுரத்துக்கு வெளியே விழுகிற நல்ல பீஸ்களெல்லாம் ரிஜெக்ட். 0.3 வட்டத்தின் பரப்பு அதற்குள் அடங்கும் சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியா டார்பிடோ தொழிற்சாலையில் வேலைபார்த்த ஸ்டான்லி பார்க்கர் 1940-ஐ ஒட்டி பொசிஷன் டாலரன்ஸ் யோசனைக்கு வந்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே தலைவலிதான்: நன்றாக இறங்கும் பாகங்களை இன்ஸ்பெக்‌ஷன் தள்ளிவிடுவது.

பொசிஷன் 0.3 (துளை மையம் அந்த 0.3 வட்டத்துக்குள் இருந்தால் போதும்) என்று கட்டம் போட்டு, பிசிடி 115-ஐயும் 90°-ஐயும் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் பொதுக் குறிப்பு அவற்றைத் தொடாது. கூடவே வட்டத்துக்குள் எம் குறியும் சேர்த்தால் இன்னொரு சலுகை உண்டு. துளைக்கு 6.6 முதல் 6.8 வரை கொடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். டிரில் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து 6.7 வந்தால் பொசிஷன் 0.4 ஆகிறது, 6.8 வந்தால் 0.5. பெரிய துளையில் போல்ட்டுக்கு இடம் அதிகம் என்பதால் இது தானமில்லை, நியாயமான கணக்கு.

‘எங்களிடம் சிஎம்எம் இல்லை, ஜிடி அண்ட் டி எல்லாம் பெரிய கம்பெனிக்கு’ என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு (சிஎம்எம் என்பது முப்பரிமாணத்தில் அளக்கும் இயந்திரம்). நான் ஒத்துக்கொள்வதில்லை. எம் குறி போட்ட துளைகளைச் சோதிக்க ஸ்பிகாட்டில் உட்காரும் ஒரு தட்டும் அதில் நான்கு 6.3 மி.மீ. பின்களும் போதும். இறங்கினால் பொசிஷன் பாஸ். ± போட்டால்தான் ஒவ்வொரு துளையையும் ஹைட் கேஜில் ஏற்றி எண் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மற்ற அளவுகள்

ரிப் தடிமன், வார்ப்பு வெளிவட்டம் இவற்றுக்குத் தனித்தனியாக ± போடுவது வீண். மெஷின் செய்யும் சாதாரண அளவுகளுக்கு 2768-எம் போதும். வார்ப்பு அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 8062 என்று தனிக் குறிப்பு. ‘2768-எம்கே’ என்று பழைய டைட்டில் பிளாக்கை அப்படியே காப்பி செய்கிறவர்கள் கவனிக்க: கே வருகிற இரண்டாம் பகுதி 2021-இல் விலக்கப்பட்டு ஐஎஸ்ஓ 22081 வந்துவிட்டது.

அமெரிக்க வாடிக்கையாளர் டிராயிங் என்றால் இன்னொரு சங்கதி. அங்கே பல டைட்டில் பிளாக்குகளில் தசம இடமே டாலரன்ஸைத் தீர்மானிக்கும். டைமென்ஷன் ஸ்டைலில் மூன்று தசமம் என்று வைத்துவிட்டால், ஒன்றுக்கும் உதவாத ரிப் கூட 8.000 என்று அச்சாகி, கொட்டேஷன் விலை ஏறிவிடும்.

±-க்கு இடமே இல்லையா?

ஒரு இடம் இருக்கிறது. டிராயிங்கில் எச்7 போட்டாலும் முப்பரிமாண மாடலில் குழி 52.000 தான். அந்த மாடலை அப்படியே கேமில் (டூல் ஓடும் பாதையை எழுதும் மென்பொருளில்) ஏற்றினால் டூல் 52.000-ஐ நோக்கித்தான் ஓடும், அதாவது கீழ் எல்லையின் விளிம்பில். டூல் சற்றுத் தேய்ந்தாலே குழி சிறுத்துவிடும். மாடலை 52.015 என்று வரைந்து ±0.015 கொடுத்தால் எல்லை அதேதான், டூலும் நடுவில் ஓடும். மாடலை நேராக விஎம்சிக்கு (கணினி இயக்கும் மில்லிங் இயந்திரத்துக்கு) அனுப்பும் கடைகளில் இதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் 52.015 என்ற எண்ணைப் பார்த்து இது பேரிங் குழி என்று யாருக்கும் தோன்றாது. எனவே டிராயிங்கில் 52 எச்7 இருக்கட்டும். நடு அளவுக்கு மாற்றிய மாடலைத் தயாரிப்புக்கென்று தனிக் கோப்பாக வைக்கலாம், அல்லது புரோகிராமர் ஆஃப்செட்டில் அந்த 15 மைக்ரானைக் கொடுத்துக்கொள்ளலாம். எது நடைமுறை என்பதை டிராயிங் வெளியே போகும் முன் அவரிடம் கேட்டுவிடுவது நல்லது.